கோரைக் கட்டு பாயாகுமா?

(திருநெல்வேலியில் ஒரு வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில், பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மழை வரும்போல இருட்டிக்கொண்டு நிற்கிறது. அதையும் பார்க்காமல் இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள், நன்றி. வட்டத்தின் செயலாளர் என்னிடம் பேசியபோது, ‘லேசரால் அறுவைத் தழும்பை அழிப்பது எப்படி’ என்று தலைப்பையும் அவரே சொல்லிவிட்டார். நோட்டீஸில் அப்படியே அச்சாகியும் விட்டது. அதில் ஒரு சொல்லை மாற்றிக்கொள்ள அனுமதி கேட்டுத்தான் நான் தொடங்க வேண்டும். ‘அழிப்பது’ என்பதை அடித்துவிட்டு ‘குறைப்பது’ என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஒரு சொல் ஏன் மாற வேண்டும் என்று விளக்கத்தான் எனக்குக் கொடுத்திருக்கிற இந்த முக்கால் மணி நேரமும்.

பத்தமடை இங்கிருந்து எத்தனை தூரம்? பாய் முடைவதைப் பார்த்தவர்கள் இந்த அவையில் நிறையப் பேர் இருப்பீர்கள். ஆற்றங்கரையில் அறுத்த கோரை முதலில் கட்டுக் கட்டாகக் கிடக்கும். எல்லாத் தண்டும் ஒரே திசையில் படுத்திருக்கும். அதையே கிழித்து, சாயம் ஏற்றி, ஊடும் பாவுமாக முடைந்தால் பட்டுப்போல மடங்குகிற பாய். இரண்டும் ஒரே கோரைதான். அடுக்கிய விதம் வேறு.

நம் தோலில் இந்தக் கோரையின் வேலையைச் செய்வது கொலாஜன் என்ற புரத நார். நல்ல தோலை நுண்ணோக்கியில் பார்த்தால், அந்த நார்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்கி, கூடை பின்னியதுபோல இருக்கும். அதனால்தான் தோல் எந்தப் பக்கம் இழுத்தாலும் இழுபடுகிறது, விட்டால் திரும்புகிறது. அறுவை முடிந்து ஆறிய இடத்தைப் பாருங்கள். அங்கேயும் கொலாஜன்தான். ஆனால் கட்டுக் கட்டாக, பெரும்பாலும் ஒரே திசையில் கிடக்கும். அங்கே முடி முளைக்காது, வியர்வைச் சுரப்பி இருக்காது. தழும்பு என்பது பாயில் விழுந்த கிழிசலுக்குள் கோரைக் கட்டைத் திணித்து அடைத்தது. உடம்புக்கு அப்போது அழகு பார்க்க நேரமில்லை. கிருமி நுழைவதற்குள் வாசலை அடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடைத்த பிறகு உடம்பு சும்மா இருப்பதில்லை. முதல் சில நாட்கள் வீக்கம், சிவப்பு. அடுத்த சில வாரங்கள் புது ரத்தக் குழாய்களும் புது நாரும் மளமளவென்று வரும். அதற்குப் பிறகுதான் நீண்ட வேலை. போட்ட நாரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து வேறு நாரைப் போட்டு அடுக்கைச் சரிசெய்துகொண்டே இருக்கும். இது ஓர் ஆண்டு, சிலருக்கு ஒன்றரை ஆண்டுகூட நடக்கும். அறுவை முடிந்து மூன்று வாரத்தில் அந்த இடத்துக்கு நல்ல தோலின் வலிமையில் ஐந்தில் ஒரு பங்குபோலத்தான் இருக்கும். சில மாதங்களில் ஏறிவிடும், ஆனால் 80 விழுக்காட்டைத் தாண்டாது. ஆயுளுக்கும் தாண்டாது. தையல் பிரித்த மறுவாரமே குடம் தூக்காதே என்று டாக்டர் சொல்வது பயமுறுத்துவதற்காக இல்லை.

எல்லோருக்கும் தழும்பு ஒரே மாதிரி அமையாததற்குப் பல காரணங்கள். ஒன்று, வெட்டு எந்தத் திசையில் விழுந்தது என்பது. வியன்னாவில் கார்ல் லாங்கர் என்ற உடற்கூற்று நிபுணர் 1861இல் ஒரு வேலை செய்தார். இறந்தவர்களின் தோலில் வட்டமான கருவியால் துளை போட்டுப் பார்த்தார். வட்டமாகக் குத்திய துளை வட்டமாக நிற்கவில்லை, நீள்வட்டமாக இழுபட்டது. உடம்பின் ஒவ்வோர் இடத்திலும் தோல் ஒரு திசையில் இழுவிசையோடு இருக்கிறது என்று இதிலிருந்து தெரிந்தது. அந்தப் போக்கோடு வெட்டினால் தழும்பு மெல்லிய கோடாகும். குறுக்கே வெட்டினால் அகலும், தடிக்கும். தைராய்டு அறுவைக்குக் கழுத்தின் மடிப்போடு குறுக்காக வெட்டுவதும், சிசேரியனுக்கு இப்போது அடிவயிற்றில் கிடைமட்டமாக வெட்டுவதும் இதை உத்தேசித்தும்தான். நெஞ்சைத் திறந்து செய்யும் பைபாஸில் அப்படித் தேர்ந்தெடுக்க முடியாது. நடு எலும்பை நெடுக்கப் பிளந்தாக வேண்டும். நெஞ்சுத் தழும்பு அடிக்கடி தடிப்பதற்கு இது ஒரு காரணம்.

தடிப்பதில் இரண்டு வகை உண்டு. இதைப் பிரித்துத் தெரிந்துகொள்ளாமல் லேசர் பற்றிப் பேசுவதில் பயன் இல்லை. ஒன்று, வெட்டின் எல்லைக்குள்ளேயே மேடாகும் தடித்த தழும்பு. அறுவை ஆன சில வாரங்களில் எழும்பும், சிவக்கும், அரிக்கும். நாளாக ஆகத் தானே ஓரளவு அடங்கும். மற்றொன்று கெலாய்டு. அது வரப்புத் தாண்டிப் பக்கத்து வயலுக்குள் இறங்கும். தானாக அடங்காது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதற்குப் பெயர் வைத்த பிரெஞ்சு மருத்துவர் அலிபேர், நண்டுக் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதை எடுத்தார். நண்டு கொடுக்கை நீட்டுவதுபோல அது நல்ல தோலுக்குள் கால் நீட்டுகிறது. காது குத்திய மடலில் நெல்லிக்காய் அளவு உருண்டை தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். தோளில் அம்மை ஊசி போட்ட இடம் புடைத்து நிற்பதையும் பார்த்திருப்பீர்கள். வெள்ளைத் தோல்காரர்களைவிட நம்மைப் போன்ற கறுத்த தோலுக்கு இது அதிகம் வரும். நினைவில் வையுங்கள், பின்னால் திரும்பி வருகிறேன்.

இனி லேசருக்கு வருவோம். 1960 மே 16ஆம் தேதி, கலிபோர்னியாவில் தியோடர் மைமன் என்ற இயற்பியலாளர் ஒரு மாணிக்கக் கல் தண்டைக் கொண்டு முதல் லேசரை எரியவைத்தார். அடுத்த சில ஆண்டுகளிலேயே சின்சினாட்டி நகரத் தோல் மருத்துவர் லியோன் கோல்ட்மன் அதைத் தோலில் பட வைத்துப் பார்த்துவிட்டார். 1964இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கார்பன் டை ஆக்சைடு லேசரைக் கண்டுபிடித்தவர் சி. குமார் படேல், மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்து புனேயில் பொறியியல் படித்தவர். இன்று நம் ஊர்களில் தழும்புக்கு அதிகம் பயன்படுவது அவருடைய லேசர்தான்.

ஆனால் ஒளியால் தோலைச் சுட முடியும் என்பது பெரிய விஷயம் இல்லை. நெருப்பே அதைச் செய்யும். சுட வேண்டியதை மட்டும் சுட்டு, பக்கத்தில் இருப்பதை விட்டுவைப்பதுதான் வித்தை. அதன் கணக்கை 1983இல் ஹார்வர்டைச் சேர்ந்த ராக்ஸ் ஆண்டர்சனும் ஜான் பாரிஷும் எழுதினார்கள். இரண்டே விதி. சித்திரை வெயிலில் கறுப்புக் குடைத் துணி சுடும், பக்கத்தில் காயும் வெள்ளை வேட்டி அவ்வளவு சுடாது. எந்தப் பொருள் எந்த நிற ஒளியை விழுங்குமோ அந்த நிறத்தை அனுப்பு என்பது முதல் விதி. விளக்குச் சுடரில் விரலை வைத்தால் வேகும், விருட்டென்று வீசி எடுத்தால் ஒன்றும் ஆகாது. ஆகவே, சூடு பக்கத்துக்குப் பரவுவதற்குள் ஒளியை நிறுத்து என்பது இரண்டாவது.

தழும்புக்கான லேசர்களில் முக்கியமானவை இரண்டு. முதலாவது பல்ஸ்டு டை லேசர். 585 அல்லது 595 நானோமீட்டர் அலைநீளமுள்ள மஞ்சள் ஒளி. ரத்தத்தின் சிவப்பு இந்த ஒளியை விழுங்கும். புதுத் தழும்பு ஏன் சிவந்திருக்கிறது? நார் போடும் செல்களுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் அங்கே நெரிசலாக இருப்பதால். மஞ்சள் ஒளி அந்தக் குழாய்களை மூடும். சாப்பாடு குறைந்தால் மேடு போடும் வேகமும் குறையும். சிவப்பும் அரிப்பும் அடங்கும். இந்த லேசர் பட்ட இடம் நாவல்பழக் கறைபோலக் கன்றிப்போகும். ஒரு வாரம், பத்து நாளில் அது மறையும்.

இரண்டாவது, பிராக்ஷனல் லேசர். 1990களில் கார்பன் டை ஆக்சைடு லேசரால் தோலின் மேற்பரப்பு முழுவதையும் சீவி எடுத்தார்கள். பலன் இருந்தது, ஆனால் வாரக்கணக்கில் ரணமாகக் கிடக்க வேண்டும். 2004இல் ஆண்டர்சன் குழுவினரே வேறு வழி காட்டினார்கள். முழுப் பரப்பையும் தொடாதே, புள்ளி வை. வாசலில் புள்ளிக் கோலம் போடுகிறோமே, அதுபோல. ஒவ்வொரு புள்ளியும் தலைமுடித் தடிமன் அளவுள்ள ஒரு துளை. தடித்த தழும்பில் அது சில மில்லிமீட்டர் ஆழம்வரை இறங்கும். புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே நல்ல தோல் அப்படியே நிற்கும். அறுவைத் தழும்பில் மொத்தப் பரப்பில் நூற்றுக்கு ஐந்து பங்கோ அதற்கும் குறைவோதான் துளை போடுவோம். சுற்றியிருக்கும் நல்ல செல்கள் ஓடிவந்து ஓரிரு நாளில் ஒவ்வொரு துளையையும் மூடிவிடும்.

இதில் என்ன நடக்கிறது? சூடு பட்ட பழைய நாரைக் கரைக்கும் என்சைம்கள் சுரக்கும். நின்றுபோயிருந்த அந்த அடுக்குவேலை மறுபடி தொடங்கும். வாரக்கணக்கில் புது நார் உருவாகும், கொஞ்சம் தளர்வாக, கொஞ்சம் பின்னலாக. நாங்கள் கோரைக் கட்டை ஆங்காங்கே அவிழ்த்துவிடுகிறோம். முடைய வேண்டியது உடம்பு. அது பத்தமடைப் பாயாக வராது. கட்டாகக் கிடந்ததற்குப் பதில் ஓலைத் தடுக்குபோல வந்தால் எனக்கு மகிழ்ச்சி. ‘அழிப்பது’ என்ற சொல்லை அடிக்கச் சொன்னேனே, அதற்குக் காரணம் இது. லேசர் ஒரு ரப்பர் இல்லை. ஆறிய புண்ணுக்குள் அளந்து போடும் சின்னப் புண்தான் அது.

சிகிச்சை அறையில் என்ன நடக்கும் என்று பலருக்குப் பயம். சொல்லிவிடுகிறேன். மரத்துப்போகும் க்ரீமைத் தழும்பின்மேல் தடவி, மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடி, முக்கால் மணி, ஒரு மணி நேரம் உட்காரவைப்போம். பிறகு க்ரீமை ஒரு துளி இல்லாமல் துடைத்து எடுப்போம். உங்களுக்கும் எங்களுக்கும் அந்த லேசருக்கென்றே செய்த கண்ணாடி. வெறும் கறுப்புக் கண்ணாடி உதவாது. மிஷின் ‘டக் டக்’ என்று அடிக்கும். தாளிக்கும்போது கடுகு தெறித்துக் கையில் படுமே, அப்படி இருக்கும் என்று ஒரு பெண் சொன்னாள், அதைவிடச் சரியாக நான் சொல்லிவிட முடியாது. முடி கருகிய வாடை வரும். பக்கத்தில் புகை உறிஞ்சும் குழாய் ஓடிக்கொண்டிருக்கும். கழுத்துத் தழும்பு என்றால் ஐந்தே நிமிட வேலை. பிறகு ஐஸ், வாஸ்லின், வீட்டுக்குப் போகலாம். மூன்று நாளைக்கு மணல்தாள் போலச் சொரசொரப்பாக இருக்கும், உதிரும். மறு சிட்டிங் நான்கு முதல் எட்டு வாரம் கழித்து. பெரும்பாலோர்க்கு மூன்று முதல் ஆறு சிட்டிங் ஆகும். ஒரே தடவையில் போய்விடும் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

எப்போது தொடங்குவது? நான் படித்த காலத்தில், தழும்பு முற்றட்டும், ஓர் ஆண்டு போகட்டும் என்பார்கள். இப்போது கருத்து மாறிவிட்டது. உடம்பு இன்னும் அடுக்கிக்கொண்டிருக்கும்போதே அதன் கையைப் பிடித்துத் திருத்துவது எளிது. 2003இல் வெளிவந்த ஒரு சிறு அமெரிக்க ஆய்வில், தையல் பிரித்த அன்றே தழும்பின் ஒரு பாதியில் மட்டும் மஞ்சள் லேசர் வைத்தார்கள், மற்றப் பாதியை விட்டுவிட்டார்கள். லேசர் பட்ட பாதிதான் நன்றாக ஆறியது. அதற்கு முன்பே, 1995இல், ‘லான்செட்’ மருத்துவ இதழில் தோல் மருத்துவர் டினா ஆல்ஸ்டர் நெஞ்சறுவைத் தழும்பு உள்ள 16 பேரிடம் இதேபோல் பாதிக்குப் பாதி பார்த்து, மேடும் சிவப்பும் அரிப்பும் குறைந்ததைக் காட்டியிருந்தார். ஒரே ஆளின் ஒரே தழும்பில் ஒப்பிட்டது அதன் அழகு.

ஆனால் மறுபக்கத்தையும் சொல்லாமல் இருக்க முடியாது. மருத்துவச் சான்றுகளை எடைபோடும் கொக்ரேன் அமைப்பு, தடித்த தழும்புக்கும் கெலாய்டுக்கும் லேசர் பற்றி 2022இல் அறிக்கை தந்தது. 15 ஆய்வுகள், மொத்தம் 604 பேர். சான்று வலுவாக இல்லை, இன்னும் பெரிய ஆய்வுகள் தேவை என்பது அவர்கள் முடிவு. அதனால் லேசர் பயனற்றது என்று ஆகாது. விளம்பரப் பலகையில் எழுதியிருக்கும் அளவுக்கு யாரும் நிரூபிக்கவில்லை என்று பொருள்.

சற்று முன் நம் தோலின் நிறம் பற்றி நினைவில் வைக்கச் சொன்னேன். இந்த ஆய்வுகளில் பலவும் வெளுத்த தோலில் நடந்தவை. நம் தோலின் மேலடுக்கில் மெலனின் நிறைய இருக்கிறது. ரத்தக் குழாயைத் தேடிப்போகும் மஞ்சள் ஒளியை வழியிலேயே மெலனின் மறித்து விழுங்கும். மேல்தோல் வேகும். கார்பன் டை ஆக்சைடு லேசர் நீரைத்தான் தேடும், நிறம் பார்க்காது. ஆனால் அதன் சூட்டில் நிறமிச் செல்கள் எரிச்சலடைந்து கூடுதல் கறுப்பைக் கொட்டிவிடும். இதை நான் புத்தகத்தில் படித்தேன். பிறகு ஒரு பையனின் கையில் படித்தேன்.

என் தொழிலின் தொடக்க ஆண்டுகள். பள்ளியில் கைப்பந்து ஆடும் பையன். முன்கை எலும்பு முறிந்து பிளேட் வைத்த தழும்பு. மே மாதம், அக்னி நட்சத்திரம், வெயிலில் ஆடி ஆடிக் கை கன்னங்கரேல் என்று இருந்தது. மாதிரிப் புள்ளி வைத்துப் பார்க்கவில்லை. அதற்கு முந்தின வாரம் வெளுத்த தோலுள்ள ஒருவருக்கு நல்ல பலன் தந்த அதே அளவில் மிஷினை வைத்தேன். இரண்டு வாரம் கழித்து அவன் அம்மா அவன் கையைப் பிடித்து என் மேசைமேல் வைத்தார். நான் வைத்த புள்ளிகள் அத்தனையும் வரிசை பிசகாமல் கறுத்திருந்தன. “தழும்பு ஒரு கோடாத்தான் இருந்திச்சு டாக்டரம்மா. இப்ப கட்டம் கட்டமா ஆக்கிட்டியளே” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அது மங்க ஒன்பது மாதம் ஆனது. அன்றிலிருந்து வெயில் பட்டுக் கறுத்த தோலை நான் தொடுவதில்லை. முதலில் ஓரத்தில் நாலு புள்ளி வைத்து, நான்கு வாரம் காத்திருந்து பார்க்காமல் யாருக்கும் தொடங்குவதும் இல்லை. மிஷின் வெளிநாட்டில் செய்தது. அதன் திரையில் வரும் எண் நம் தோலுக்கு எழுதியது இல்லை.

கெலாய்டைப் பற்றி ஒரு வார்த்தை. லேசரால் வெட்டி எடுத்தால் திரும்ப வராது என்று 1980களில் நம்பினார்கள். வந்தது. கெலாய்டுக்கு முதல் மருந்து ட்ரையாம்சினலோன் ஊசிதான், மாதத்துக்கு ஒன்றாக. லேசர் துளை போட்டு அதன் வழியே மருந்தை இறக்குவது உதவும். லேசரை மட்டும் நம்பிக் கெலாய்டுக்குப் போகாதீர்கள்.

லேசருக்கு முன்னால் செய்ய வேண்டியவை செலவு குறைந்தவை. புண் நன்றாக மூடியதும் சிலிக்கான் ஷீட் அல்லது ஜெல். ஒரு நாளில் 12 மணி நேரத்துக்குக் குறையாமல், இரண்டு மூன்று மாதம். விரல் நுனியால் அழுத்தித் தேய்த்துவிடுவது. தழும்பு புதிதாக இருக்கும் முதல் ஆண்டு வெயில் படாமல் முந்தானையோ குடையோ சன்ஸ்க்ரீனோ. வைட்டமின் ஈ மாத்திரையை உடைத்துப் பூசுவதால் பலன் இல்லை, சிலருக்கு ஒவ்வாமை வந்து தோல் புண்ணாகும். இத்தனைக்கும் பிறகு தடித்தாலோ சிவப்பு அடங்காவிட்டாலோ லேசருக்கு வாருங்கள். வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். லேசர் பிடிப்பவர் தோல் மருத்துவரா, பிளாஸ்டிக் சர்ஜனா, அல்லது ஒரு வாரப் பயிற்சி பெற்றவரா? என் நிறத் தோலில் நீங்கள் செய்த படங்களைக் காட்ட முடியுமா? மாதிரிப் புள்ளி வைப்பீர்களா? காப்பீட்டுக்காரர்கள் பெரும்பாலும் இதை அழகுக்கான செலவு என்று ஒதுக்கிவிடுவார்கள், அதையும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

அழகுக்கான செலவு என்றேன். அந்தச் சொல்லோடு முடிக்க எனக்கு மனமில்லை. எழுபதைத் தாண்டிய ஓர் அண்ணாச்சி, டவுனில் கடை வைத்திருப்பவர், பைபாஸ் முடிந்து ஏழு மாதத்தில் வந்தார். சட்டையின் மேல் இரண்டு பொத்தானைப் போடாமல், துணி நெஞ்சில் படாதபடி விரலால் தூக்கிப் பிடித்தபடியே உட்கார்ந்தார். நெஞ்சின் நடுவே மண்புழு தடிமனுக்குச் சிவந்த மேடு. ராத்திரி முழுக்க அரிப்பு, தூக்கம் இல்லை. ஊசியும் மஞ்சள் லேசரும் மாற்றி மாற்றி நான்கு மாதம் செய்தோம். அரிப்பு நின்றது, மேடு பாதியாகியது, நிறம் மங்கியது. கோடு மட்டும் தெளிவாகத் தெரிந்தது. இன்னும் இரண்டு சிட்டிங் செய்தால் கோட்டையும் கொஞ்சம் மங்க வைக்கலாம் அண்ணாச்சி என்றேன். அவர் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டார். கழுத்துப் பொத்தானையும் போட்டார். இரண்டின்மேலும் கையை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு, “கோடு கெடந்துட்டுப் போகட்டும்மா, அது செத்துப் பொழச்ச கணக்கு. எனக்குச் சட்டை போட முடியுதுல்லா, போதும்” என்றார்.

குறைப்பது என்றால் எவ்வளவு என்று அந்த அண்ணாச்சிக்குத் தெரிந்திருந்தது. மிஷினிடம் வருவதற்கு முன் நீங்களும் அதை முடிவு செய்துகொள்ளுங்கள். மழை தொடங்கிவிட்டது போலிருக்கிறது. கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.